ஒரு சிட்டிகை தீனி

கெலிஓயாவில் ஹபீலின் வீட்டுக்குள் நுழைந்த பொன்னுத்துரை, சாப்பாட்டு மேசையோரம் இருந்த கடல்மீன் தொட்டியைப் பார்த்து அசந்துபோனார். அதை அமைத்துக் கொடுத்தவரே அவர்தான். போன முறை வந்தபோது மணலும் பவளமும் வழுவழுப்பான சிவப்புப் படலத்துக்குள் மூச்சுத் திணறிக் கிடந்தன. இப்போது மணல் வெள்ளை வெளேரென்றிருந்தது. பவளம் பூவாய் விரிந்திருந்தது.

“அந்தப் பாழாய்ப்போன சிவப்புப் பக்டீரியாவை எப்படி விரட்டினனீங்கள்? என்ன மருந்து?”

“மருந்து, சுரண்டுறது, தண்ணி மாத்துறது எல்லாம் செஞ்சு தோத்துப் போனேன் அண்ணன்,” என்றான் ஹபீல். “இப்ப என் மனிசி பஸீஹாதான் பார்த்துக்கிறா.”

“தங்கச்சி, எனக்கும் அந்த வித்தையைச் சொல்லித் தாங்கோ!”

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த பஸீஹா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “இந்த மேசையில சாப்பிட உட்கார்ற ஆளெல்லாம், ‘பாவம், பார்த்துக்கிட்டே இருக்கு’ன்னு மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி போடும். மிச்சம் அழுகித்தான் அந்தச் சிவப்பு வந்திருக்கு.”

“எல்லாரையும் எப்படித் தடுத்தனீங்கள்?”

“நான் தடுக்கல்ல.”

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. வீட்டார் மேசையைச் சூழ்ந்து பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். பஸீஹா அவருக்கும் ஒன்று கொடுத்துவிட்டு, அன்றைய ஒரே சிட்டிகையைத் தொட்டியில் தூவினாள்.

“நோன்பு மாசம், அண்ணன். பகல்ல மேசையில ஆளில்ல. தொட்டி தானா தெளிஞ்சிச்சு. அப்பதான் எனக்குப் புரிஞ்சிச்சு.”

பொன்னுத்துரை வியந்துபோய் அவளைப் பார்த்தார். “அப்ப பெருநாளுக்குப் பிறகு?”

“மீன் இங்கேயே இருக்கும். மேசைதான் குசினிக்குப் போகும்!”