புள்ளி ஒண்ணு

"அஞ்சு புள்ளி ஒண்ணா, ஏழு புள்ளி ஒண்ணான்னு என்னைக் கேட்டா? மத்தியானத்துல என் வீட்டுக்காரர் வீடு தங்கணும். அதுக்கு எது சரிப்படும்னு நீயே சொல்லு தம்பி."

ராஜசேகருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். போர்ட் பிளேர் பஜாரில் ஹோம் தியேட்டர் கடை வைத்திருப்பவன் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறான். புருஷனைப் பிடித்துவைக்க ஸ்பீக்கர் கேட்டு வந்தவர் இந்த விசாலாட்சி ஒருவர்தான்.

"அங்கிள் எங்க போறாரு ஆன்ட்டி?"

"ரிட்டையர் ஆனதுலேருந்து இதே கதை. சாப்பிட்ட கை காயறதுக்குள்ள கிளம்பிடறாரு. சாயங்காலம் திரும்பி வரும்போது முகம் அப்படித் தெளிஞ்சு கிடக்கும். அக்கம்பக்கத்துல என்னென்னவோ பேசறாங்க தம்பி."

பாவமாக இருந்தது. சீட்டுக் கச்சேரியோ, வேறு வீடோ, நாம் ஏன் கிளற வேண்டும் என்று ராஜசேகர் ரிமோட்டை எடுத்தான்.

"இது அஞ்சு புள்ளி ஒண்ணு. வசனம் முன்னாடி, மத்த சத்தம் பின்னாடி." ஒரு கார் சீறிக்கொண்டு அறையைச் சுற்றியது. விசாலாட்சி அசையவில்லை.

"ஏழுல பக்கவாட்டுல இன்னும் ரெண்டு சேரும்."

ம்ஹூம்.

"அப்போ கூரையிலயும் ஸ்பீக்கர் வைக்கிற அட்மாஸ்தான். ஹெலிகாப்டர் தலைக்கு மேலயே போகும், பாருங்க."

போனது. ஆனால் அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இந்த அதிர்வு எதுலேருந்து வருது?"

"அதுதான் அந்தப் புள்ளி ஒண்ணு. வூஃபர் பெட்டி. மூணு செட்லயும் இருக்கு. பேச்செல்லாம் வராது, வெறும் உறுமல்தான்."

"அச்சா! அது மட்டும் குடு."

"அதை மட்டும் வச்சு அங்கிள் எப்படிப் படம் பார்ப்பாரு?"

"அவரு எந்தக் காலத்துல படம் பார்த்தாரு! கட்டிலுக்கு அடியில வைக்கணும். எஞ்சின் சத்தத்தை நானே போன்ல பிடிச்சு வச்சிருக்கேன்."

"எஞ்சின் சத்தமா?" ராஜசேகர் திருதிருவென்று விழித்தான்.

"ஆமா தம்பி. முப்பது வருஷம் மேன்லேண்டுக்குப் போய் வர்ற கப்பல்ல எஞ்சின் ரூம் வேலை. வீட்டுக் கட்டில்ல பொட்டுத் தூக்கம் வரமாட்டேங்குது. தினமும் பாம்பூஃப்ளாட் ஃபெர்ரியில ஏறி, இக்கரைக்கும் அக்கரைக்கும் மாத்தி மாத்தி டிக்கெட் எடுத்து, எஞ்சினுக்கு மேல இருக்கிற பெஞ்சுல படுத்துத் தூங்கிட்டு வர்றாரு!"