தொப்பிக்கு முன்னால்

றொசல்லைக்கு மேலே தேயிலைத் தோட்டப் பாதையில் மஞ்சள் வெயில் ஈரத்தோடு கிடக்கிறது. ஃபிலிம் சுருள் ஒன்றுதான் இருக்கிறது, நாளைக்குத்தான் படப்பிடிப்பு. சுருள் போடாத இரவல் கேமராவைக் கண்ணில் வைத்துப் பத்திநாதன் ஒத்திகை பார்க்கிறான். தோட்டத் துரை எதிரே வரும்போது தொழிலாளி ஒதுங்காமல் நடுப்பாதையில் நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் கதை. தொழிலாளியாக அவன் அப்பா சவரிமுத்து. துரையாகக் கூட்டாளி டக்ளஸ், அம்மா தைத்த அரைக் காற்சட்டையும் ஹட்டனில் வாங்கிய பழைய தொப்பியுமாக நடந்து வருகிறான். அவன் நெருங்க நெருங்க அப்பாவின் கை தலைத்துண்டை அவிழ்க்கிறது. இந்தத் தடவையும் பாதையோரத்து மழைநீர்க் கானில் இறங்கிவிடுகிறார். மழைத்தண்ணீர் கலங்குகிறது.

"அப்பா, அது நம்ம டக்ளஸுப்பா."

"தெரியுதுப்பா. தொப்பியக் கண்டா காலு தானா எறங்குது."

"நீங்க எறங்கிட்டா படமே இல்ல," என்று பத்திநாதன் சிடுசிடுக்கிறான்.

அப்பா மேலேறி, தண்ணீரில் தோய்ந்த துண்டைப் பிழிகிறார். அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் பெரிய துரையின் ஜீப் உறுமுகிறது. மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களின் பேச்சு சட்டென்று நிற்கிறது. ஜீப் யாரையும் பார்க்காமல் கடந்து போகிறது. கானுக்குள் அப்பா நிற்கிறார். பக்கத்தில் டக்ளஸ், தொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி. 'ஏறி வாங்க' என்று சொல்ல வாயெடுக்கும்போதுதான், தன் சப்பாத்துக்குள் தண்ணீர் சில்லென்று ஏறுவது பத்திநாதனுக்குத் தெரிகிறது.