காலுள்ள காடைக்குஞ்சு

சவப்பெட்டியில் எழுதும் பறவை வடிவ எழுத்துகளுக்குக் கால் போட்டால் நடந்து போய்விடும் என்பது நைல்கரை ஓவியன் இபுவுக்குத் தெரியும். ஆனாலும் ஹெனுத்தின் செத்துப்போன புருஷன் பெயரை எழுதும்போது, பேச்சு சுவாரசியத்தில் அதில் வரும் காடைக்குஞ்சு எழுத்துக்கு இரண்டு கால் போட்டுவிட்டான்.

மறுநாள் காலை குஞ்சு பெயரில் இல்லை. பெட்டியின் மறுபக்கம், வரைந்து வைத்த பார்லிக் குவியலருகே நின்றது. குவியலில் பாதியைக் காணோம்.

"அழிச்சிட்டு ஒழுங்கா எழுதிடறேன் தாயி, கோவிச்சுக்காதீங்க" என்று, பெட்டியைப் பார்க்க வந்த ஹெனுத்திடம் கையைப் பிசைந்தான் இபு.

ஹெனுத்துக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் பூரிப்பு. "அட, அதை விடுண்ணே! கால்மாட்டுல அவருக்குச் செருப்பு வரைவியே, அதை எங்க வீட்டப் பாத்து வரை. சீக்கிரம்!"

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய், இரண்டு பேருக்கு மாவு பிசைந்தாள்.