தகப்பன் கை முழம்

பிற்பகல் வெயில் சன்னல் கம்பிகளைத் தாண்டி நில அளவை அலுவலகத்தின் மேசைமீது சாய்ந்து கிடக்கிறது. மேலே மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றுகிறது. எழுத்தர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குத்தண்டைத் தேய்த்துக்கொள்கிறாள். பழைய முழங்களை மீட்டராக்கிக் கொடுத்தே ஓய்ந்துபோன கண்கள். இன்றைக்கு இது ஒன்பதாவது பத்திரம். ‘தெருச் சுவரிலிருந்து தகப்பன் கையால் இருபத்திரண்டு முழம் தம்பிக்கு, மிச்சம் அக்காளுக்கு’ என்கிறது அந்தப் பழுப்புத் தாள். தகப்பன் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. வழக்கம்போல முழத்துக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர் போட்டால் அக்காளின் சமையலறை தப்பும். முழத்துக்கு மூன்று கூடினாலும் அடுப்பு மேடை தம்பி பக்கம் போய்விடும். இருவரும் ஒரே பெஞ்சின் இரு கோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். “உங்கப்பா கை எவ்வளவு நீளம்னு நான் எங்க போய்க் கேக்கறது?” என்கிறாள் எழுத்தர். அக்காள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். “இவனுக்கு அப்படியே அப்பா கைதாம்மா. அளந்துக்குங்க,” என்கிறாள் கடைசியில், சுவரைப் பார்த்தபடி. தம்பி எழுந்து வந்து கையை மேசைமேல் நீட்டி வைக்கிறான். முழங்கையிலிருந்து கிளம்பிய டேப் மணிக்கட்டைத் தாண்டும்போது அவன் விரல்கள் மெல்ல உள்ளே மடங்குகின்றன. “விரலை நீட்டுங்க.” “அவ்வளவுதாங்க நீளும்,” என்கிறான். எழுத்தர் நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள். அக்காள் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுத்தர் டேப்பைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, நாற்பத்தைந்து என்று எழுதுகிறாள்.