கை தெரியும் தூரம்

தலவாக்கலை ஸ்டூடியோவின் கண்ணாடி மேசையில் இரண்டு சூம் லென்ஸ்கள் இருக்கின்றன. ஒன்று தூரத்தை இருநூறு மில்லிமீட்டர் வரை கிட்ட இழுக்கும், மற்றது முந்நூறு வரை. "வாசல்ல நின்னு ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லுங்க ஜெரோமி," என்கிறார் கடைக்காரர் லக்ஸ்மன். லென்ஸ் வாங்க வந்த ஜெரோமி தன் பிலிம் கேமராவில் முதலில் இருநூறை மாட்டுகிறான். மழை விட்ட வெளிச்சத்தில் எதிர் மேட்டுத் தேயிலை பளபளக்கிறது. ஈரம் படாமல் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள் ரோட்டோர நிரையில் கொழுந்து எடுக்கிறார்கள். கூடைகளும் தலைத்துண்டுகளும் தெரிகின்றன, அவ்வளவுதான். முந்நூறை மாட்டி வளையத்தைக் கடைசி வரை திருப்புகிறான். ஓரத்தில் நிற்பது அவன் அம்மா தெரேசா. இன்றைக்கு அவளுக்கு இந்த மலையில் வேலை என்று அவனுக்குத் தெரியாது. "அக்கா, படம் புடிக்கிறாங்க!" என்று பக்கத்து நிரைக்காரி கூவ, எல்லோரும் நிமிர்ந்து சிரிக்கிறார்கள். அம்மாவும் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே, கொழுந்துச் சாறு ஊறிக் கறுத்த கைகள் இரண்டையும் அவசரமாகப் படங்குக்குள் மறைத்துக்கொள்கிறாள். போன வருஷம் மாதா கோயில் வாசலில், அவன் கல்யாணப் படத்துக்கு நிற்கும்போது, "கையச் சேலைக்குள்ள வைம்மா, பொண்ணு வீட்டுக்காரங்க பாப்பாங்க," என்று அவன்தான் சொன்னான். "பெருசுல நல்லாத் தெரியுதுங்களா?" என்று லக்ஸ்மன் கேட்கிறார். "தெரியுதுங்க." கேமராவுக்குப் பின்னால் இருக்கும் முகம் யாருடையது என்று அம்மாவுக்குத் தெரியாது. இறக்கினால் தெரிந்துவிடும். கை கடுக்கக் கடுக்க, ஜெரோமி கேமராவை முகத்தோடு அழுத்திப் பிடித்தபடியே நிற்கிறான்.