சட்டிக்கு அடியில் ஒரு வழுக்கை

டார்கஸ் அத்தை, அவள் தம்பி ஈனாக், நிலப்பிரபு சர் பெரகிரின், அவர் மனைவி சீமாட்டி லவீனியா. இங்கிலாந்தில், குயவர்கள் ஊரான பர்ஸ்லெமில் எங்கள் சூளைக் கொட்டகைக்குள் அன்று இருந்தவர்கள் இந்த நான்கு பேர்தான். ஐந்தாவதாகத் தானும் இருந்ததாகச் சொல்பவன் எவனாயினும் பொய்யன்.

"இது யாரு மூஞ்சி?" பிரபு ஒரு மூத்திரச் சட்டியை அத்தையிடம் நீட்டினார்.

சட்டியின் உள்ளே, அடிப்பகுதியில், அண்ணாந்து வாயைப் பிளந்தபடி, நீல மையில் ஒரு மொட்டைத் தலை.

குயவர்களின் திங்கட்கிழமை விடுப்பை ஒழித்தவர் பிரபு. அடுத்த வாரமே இந்தச் சட்டி கடைக்கு வந்தது. இப்போது ஊரில் ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் அதுதான்.

"யாரோ ஒரு பெரியவருங்க, ஐயா."

"என் மூக்குன்னு ஊரே சிரிக்குது! இடம் என்னுது. இன்னைக்கே சூளையைப் பூட்டறேன். குடும்பத்தோட கிளம்புங்க!"

ஈனாக் அக்காவின் தோளைச் சுரண்டினான். "மன்னிப்புக் கேட்டுடுக்கா..."

"சும்மா இருடா." அத்தை கைக் களிமண்ணை நிதானமாகத் துடைத்தாள். "ஐயா, இது நீங்கதான்னு சந்தையில நின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அத்தனை சட்டியையும் உடைச்சிட்டு, சாவியையும் நாங்களே குடுத்துடறோம்."

"சொல்லிடுங்களேன்," என்றார் சீமாட்டி. "ஒரு வார்த்தைதானே?"

"என்னன்னு சொல்றது?"

"முடியே இல்லாத இந்தத் தலை உங்களோடதுன்னுதான்," என்றாள் அத்தை.

பிரபுவின் கை தானாகத் தலைக்குப் போனது. "எனக்கா முடி இல்ல? இது என் சொந்த முடி!"

"அதானே! என்ன அடர்த்தி! அப்ப இந்த வழுக்கை வேற எவனோ. எவனுக்காகவோ எங்க சூளையை ஏங்க பூட்டணும்?"

பிரபு சட்டியைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

"ஆமா. இது நான் இல்ல," என்று விடுவிடுவென வெளியேறினார். ஈனாக் சிரிப்பை அடக்க முடியாமல் களிமண் மேட்டில் போய் விழுந்தான்.

பிரபு டோப்பாவைக் கழற்றுவது படுக்கையறையில் மட்டும்தான். ஆகவே விதவையான எங்கள் அத்தை அங்கே போய் வந்திருக்கிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அத்தை அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. படத்தை வரைந்து கொடுத்தது, அன்று கணவரைப் பின்தொடரும் முன் ஒரு கணம் நின்று, "அடுத்த தடவை காதை இன்னும் பெருசாப் போடுங்கம்மா, நான் வரைஞ்ச மாதிரியே" என்று அத்தையிடம் கிசுகிசுத்துவிட்டுப் போன சீமாட்டி லவீனியா.