நான்கு முட்டை வழக்கு

கௌதாரியின் கூட்டிலிருந்த நான்கு முட்டைகளையும் விடிந்தபோது காணவில்லை. வேறு யாரையும் விசாரிக்காமல் நேராகக் கீரியை இழுத்து வந்தார்கள். புதர்க்காட்டு நீதிபதியான சாரைப்பாம்பு, சுருண்ட இடத்தை விட்டு அசையாமல் தலையை மட்டும் தூக்கியது. அதன் மேல் இன்றுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. அதற்காகவே அதை நீதிபதி ஆக்கியிருந்தார்கள்.

"போன கோடையில என் முட்டையைத் தின்னவன் ஐயா இவன்! இப்பவும் இவனாத்தான் இருக்கும்," என்று கௌதாரி கதறியது.

"அந்தப் பழைய திருட்டே போதும்," என்றது சாரை. "இன்றே காட்டை விட்டு வெளியேறு."

கீரியின் வளைக்குள் இன்னும் கண் திறக்காத குட்டிகள் கிடந்தன. பழசை மறுத்தால் யாரும் நம்பப் போவதில்லை.

"தின்னது உண்மைதான் ஐயா," என்றது. "ஆனா பழசைச் சாட்சியா எடுத்தா முழுசா எடுங்க. நான் எப்படித் தின்னேன்னு அக்காகிட்டயே கேளுங்க."

"எப்படியா? பாறையில மோதி உடைச்சுத்தான்," என்றது கௌதாரி. "சிதறிக் கிடந்த ஓட்டையெல்லாம் அழுதுக்கிட்டே பொறுக்கினேனே!"

"இன்னைக்கு எத்தனை ஓடு பொறுக்கினீங்க அக்கா?"

கூட்டிலும் பாறையடியிலும் ஒரு சில்லுகூட இல்லை. நான்கையும் யாரோ முழுசாக விழுங்கியிருந்தார்கள்.

"தீர்ப்பு சொல்லியாயிற்று! எல்லோரும் கலையுங்கள்!" என்று சாரை சீறியது.

கௌதாரி மெல்ல அதன் பக்கம் திரும்பியது.

"ஐயா, காலையிலிருந்து சுருண்டே கிடக்கீங்களே. கொஞ்சம் நீட்டிப் படுத்துக் காட்டுங்க."